கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பழைய கார் வாங்குவதைப் பற்றி எழுதியபோது, நிறுத்திவைத்த காரிலிருந்து பொருள் களவு போவதைப் பற்றி ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுதப்பட்டவை. மோட்டார் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் கோப்புகளைப் புரட்டியவன் என்பதால், திருடியவர் என்ன நினைத்திருப்பார் என்பதைவிடப் பறிகொடுத்தவர் எதை மறந்திருப்பார் என்பதுதான் எனக்கு அதிகம் பழக்கம். பதில்களிலும் அந்தப் பழக்கத்தின் சாயல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் புளோக்கிற்கு அருகிலுள்ள பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் ஐந்தாம் தளத்தில் இரவு காரை நிறுத்திவிட்டுச் சென்றேன். மறுநாள் காலையில் பார்த்தால், முன்னிருக்கைக்கு எதிரே உள்ள பெட்டி திறந்து கிடந்தது. சில்லறைக் காசு, ரொக்க அட்டை, கறுப்புக் கண்ணாடி ஆகிய மூன்றையும் காணோம். கார்க் கண்ணாடி உடையவில்லை. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. நான் நிச்சயமாகப் பூட்டினேன். ஏதோ நவீனக் கருவியை வைத்துத் திறந்திருக்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எச்சரிக்கை ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்தலாமா?

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், கார் பூட்டப்படாமல் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். விலையுயர்ந்த மின்னணுக் கருவியோடு வருகிறவர் சில்லறைக் காசையும் கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு காரை விட்டுச் செல்ல மாட்டார். பின்னிரவில் ஒரு தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, ஒவ்வொரு காரின் கைப்பிடியையும் மெல்ல இழுத்துப் பார்த்து, திறந்துகொள்ளும் காரில் மட்டும் கைவைக்கும் ஆளின் வேலையாகவே இது தெரிகிறது. அவருக்குத் தேவைப்படுவது பொறுமை மட்டுமே.

‘பூட்டினேன்’ என்று நாம் சொல்லும்போது, பொத்தானை அழுத்தினேன் என்பதைத்தான் உண்மையில் சொல்கிறோம். மின்தூக்கியை நோக்கி நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் கையை நீட்டிப் பொத்தானை அழுத்துவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். இடையில் தடித்த கான்கிரீட் தூண்களும் மற்ற கார்களும் நிற்கும் தளத்தில், திறந்தவெளியில் எட்டுகிற தொலைவுக்கு அந்தச் சமிக்ஞை எட்டும் என்று சொல்ல முடியாது. பின்கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்தால், சில கார்கள் பூட்ட மறுத்து ஒரு சிறு ஒலியை மட்டும் எழுப்பும். கைப்பேசியில் பேசிக்கொண்டே நடப்பவருக்கு அது கேட்காது. குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்தவர், இரண்டாம் முறை பூட்டினாரா என்பது அவருக்கே நினைவிருக்காது. சட்டைப்பையில் கிடந்த சாவி, கையில் தூக்கிய சந்தைப் பையில் அழுந்திக் கதவைத் திறந்துவிட்ட கதையையும் நான் கோப்புகளில் படித்திருக்கிறேன். யாரும் கதவைத் திறக்காவிட்டால் சிறிது நேரத்தில் தானாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும் வசதி பல கார்களில் உண்டு என்றாலும், இடையில் ஒரு கதவு திறக்கப்பட்டிருந்தால் அந்த வசதி வேலை செய்யாது.

இன்னொரு நுணுக்கத்தைச் சொல்கிறேன். பூட்டியவுடன் பக்கவாட்டுக் கண்ணாடிகள் தாமாக மடிந்துகொள்ளும் கார்கள் இப்போது ஏராளம். உரிமையாளருக்கு அது ஓர் அழகு. கைப்பிடி இழுத்துப் பார்ப்பவருக்கோ அது ஓர் அறிவிப்புப் பலகை. ஒரே ரகக் கார்கள் நான்கு வரிசையாக நிற்கையில் மூன்றின் கண்ணாடிகள் மடிந்தும் நான்காவதன் கண்ணாடிகள் விரிந்தும் இருந்தால், எதன் கைப்பிடியை இழுக்க வேண்டும் என்று அவர் யோசிக்க வேண்டியதே இல்லை.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. சாவியிலிருந்து புறப்படும் பூட்டும் சமிக்ஞையை, அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பிக் காருக்கு எட்டாமல் தடுக்கும் கருவிகள் உண்டு. தென்னாப்பிரிக்காவிலும் பிரிட்டனிலும் கடைத்தொகுதிக் கார் நிறுத்துமிடங்களில் இந்த முறை பலகாலமாக அறியப்பட்டது. ஆனால் அங்கும் நடப்பது இதேதான்: கார் பூட்டப்படுவதில்லை, உரிமையாளர் பூட்டியதாக நினைத்துப் போய்விடுகிறார். ஆகவே மறதியானாலும் மின்னணுக் குறுக்கீடானாலும் மருந்து ஒன்றே. பூட்டிய பிறகு கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சாவி கையில் இருந்தாலே கைப்பிடியைத் தொட்டதும் திறந்துகொள்ளும் கார் என்றால், விளக்கு மின்னுவதையும் கண்ணாடி மடிவதையும் நின்று பார்த்துவிட்டு நகருங்கள்.

ஒலிக்கருவிக்குச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஏதோ ஒரு கார் கத்திக்கொண்டிருப்பதைக் கேட்டு எத்தனை முறை நீங்கள் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறீர்கள்? எதிரொலியில் அது எந்தத் தளம் என்றுகூடத் தெரிவதில்லை. அந்தப் பணத்தையும் அக்கறையையும் காரின் உட்புறத்தைக் காலியாக வைப்பதில் செலவிடலாம். ரொக்க அட்டையில் உங்கள் பெயர் இல்லை. எடுத்தவர் கையில் அது பணம்தான். மின்னியல் சாலைக் கட்டணம் 1998இல் தொடங்கியதிலிருந்து, முகப்புக் கண்ணாடியின் கீழே உள்ள கருவியில் அட்டையைச் செருகியபடியே விட்டுப் போவது நமக்கு வழக்கமாகிவிட்டது. 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பொருத்தப்பட்டுவரும் புதிய கருவியில், பெரும்பாலான கார்களில் அட்டை செருகும் பகுதி முன்பயணியின் காலடிக்குப் போய்விட்டது; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உடனே தெரியாது என்றாலும், உள்ளே வந்துவிட்டவருக்கு எங்கே தேடுவது என்று தெரியாமலிருக்காது. அட்டையைச் செருகாமல் கட்டணத்தை வங்கி அட்டையிலிருந்து கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு மாறிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

காலிப் பையைக்கூட இருக்கையில் விடாதீர்கள். அது காலி என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பவருக்குத் தெரியாது. பையைப் பின்பெட்டியில் வைப்பதானால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே வைத்துவிடுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் இறங்கி, பத்துப்பேர் பார்க்கப் பின்பெட்டியைத் திறந்து மடிக்கணினியை வைத்துவிட்டுப் போவது, பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நாமே வழிகாட்டுவதாகும்.

போன பொருளின் மதிப்பு சிறியதாக இருந்தாலும் காவல்துறையிடம் புகார் செய்துவிடுங்கள். 2012இல் தொடங்கி 2016க்குள் ஏறத்தாழ 10,000 வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளிலும் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களிலும் காவல்துறைக் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. காரை நிறுத்திய நேரத்தையும் மறுநாள் பார்த்த நேரத்தையும் துல்லியமாகச் சொன்னால் பதிவுகளைத் தேடுவது எளிது. ஒரே ஆள் ஒரே இரவில் இருபது கார்களின் கைப்பிடியை இழுத்திருக்கலாம். அவற்றில் திறந்துகொண்ட மூன்றில் உங்களுடையது ஒன்று. மூவரும் ‘சில்லறைதானே’ என்று விட்டுவிட்டால் அடுத்த வாரமும் அவர் வருவார். கார் பூட்டாமல் இருந்ததைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. திறந்து கிடந்த காரிலிருந்து எடுத்தாலும் அது திருட்டுதான்; குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. காரையே எடுத்துச் சென்றாலோ காரின் பாகங்களைக் கழற்றிச் சென்றாலோ 379ஏ பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறையும் அதோடு அபராதமும் உண்டு.

கேள்வி: சாவியின் சமிக்ஞையைப் பிடித்துக் காரையே ஓட்டிச் சென்றுவிடுகிறார்கள் என்று வெளிநாட்டுச் செய்தியில் பார்த்ததிலிருந்து, என் கணவர் கார்ச் சாவியைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவைக்கிறார். நாங்கள் இருப்பது பொங்கோலில் பன்னிரண்டாவது மாடி. இது தேவைதானா, சொல்லுங்கள் ஐயா.

பதில்: உங்கள் கணவரைக் கேலி செய்ய மாட்டேன் அம்மா, அவர் செய்வதில் விஞ்ஞானம் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டாவது மாடியில் அது அவசியமில்லை.

பொத்தானை அழுத்தாமலே திறக்கும் கார், ‘என் சாவி அருகில் இருக்கிறதா’ என்று மிகக் குறைந்த அலைவெண்ணில் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கேள்வி ஓரிரு மீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும். சாவி அதைக் கேட்டால், அதைவிட நெடுந்தூரம் எட்டக்கூடிய உயர் அலைவெண்ணில் பதில் சொல்லும். திருடர்கள் இருவராக வந்து, ஒருவர் காரின் பக்கத்திலும் மற்றவர் சாவி இருக்கும் இடத்தின் பக்கத்திலும் நின்று, காரின் கேள்வியை ஒரு கருவியால் பிடித்து மற்றொரு கருவி வழியாகச் சாவியிடம் சேர்த்துவிடுகிறார்கள். சாவி தன் அருகில் இருப்பதாகக் கார் நம்பிவிடுகிறது. பிரிட்டனில் இது பெருகியதற்குக் காரணம் அங்குள்ள வீடுகளின் அமைப்பு: வாசலில் கார், கதவுக்கு அப்பால் சுவரிலேயே சாவி மாட்டும் கொக்கி. இங்கே கார் ஒரு கட்டடத்தில், சாவி மற்றொரு கட்டடத்தின் பன்னிரண்டாவது மாடியில். நள்ளிரவில் உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் கருவியோடு வந்து நிற்க வேண்டும். அதுவும் உங்கள் கார் எது, வீடு எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தரைவீட்டில் இருப்பவர்களுக்கும், காரைக் காப்பிக்கடை வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்துத் தே தாரே குடிப்பவர்களுக்கும்தான் இது பொருந்தும். அவர்கள் சாவியை உலோக இழை வைத்துத் தைத்த சிறு பையில் வைத்துக்கொள்ளலாம். பை வேலை செய்கிறதா என்று நீங்களே சோதிக்கலாம்: சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு காரின் அருகே சென்று கைப்பிடியைத் தொடுங்கள், திறந்துகொண்டால் பையைத் தூக்கி எறியுங்கள். மடித்து மடித்து உள்ளே இழை விட்டுப்போவதால், சில மாதங்களுக்கு ஒருமுறை சோதிப்பது நல்லது. பிஸ்கட் டின்னுக்கும் இதே சோதனைதான்; மூடி இறுக்கமாகப் பொருந்தாத டின் பயன்படாது. இதையெல்லாம்விட எளிய வழி, காரின் கையேட்டைப் புரட்டி, சாவியின் தானியங்கி வசதியை நிறுத்திவைக்க முடியுமா என்று பார்ப்பது. அசைவில்லாமல் கிடந்தால் உறங்கிப்போகும் சாவிகளும், சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணிக்கும் சாவிகளும் புதிய கார்களில் வந்துவிட்டன. அவற்றை இந்த வழியில் ஏமாற்றுவது கடினம்.

சாவியைத் தொடவே தொடாத வேறொரு முறையும் உண்டு. முன்விளக்கின் பின்னால் செல்லும் கம்பியைப் பிடுங்கி, அதன் வழியாகக் காரின் உள்வலையமைப்புக்குள் பொய்க் கட்டளையைச் செலுத்திக் கதவைத் திறக்கும் முறை அது. 2022இல் லண்டனில் வாகனப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரின் டொயோட்டா ஆர்ஏவி4 காரே இப்படிப் போனது. அவர் விடாமல் தோண்டித் துருவியதால்தான் முறை என்னவென்று வெளியில் தெரிந்தது. அதற்கு எந்த டின்னும் உதவாது. கண்ணுக்குத் தெரியும்படி ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டுதான் குறுக்கே நிற்கும். ஆனால் அந்தப் பூட்டை மாட்ட வேண்டிய இடம் பொங்கோல் அன்று. அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கேள்வி: உட்லண்ட்ஸில் வசிக்கிறோம். வாரம் தவறாமல் கடற்பாலம் தாண்டி ஜோகூர் பாரு சென்று சாமான் வாங்கி, சாப்பிட்டுவிட்டு வருவோம். சிங்கப்பூரில் எடுத்துக்கொள்ளும் கவனமே அங்கும் போதுமா?

பதில்: போதாது. சிங்கப்பூரில் முழுக் காரும் காணாமல் போவது அரிது என்பதற்கு நம் ஒழுக்கம் மட்டும் காரணமன்று. இது ஒரு தீவு; திருடிய காரை இங்கே வேறு எண்ணில் பதிவு செய்ய நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவேடு இடங்கொடுக்காது; சாலைக் கட்டணச் சாவடிகளும் தானியங்கிக் கார் நிறுத்துமிடங்களும் வண்டியிலுள்ள கருவியைப் படித்துக்கொண்டே இருக்கின்றன; வெளியே கொண்டுபோக இரண்டே சோதனைச்சாவடிகள். கடற்பாலத்தைத் தாண்டியதும் இந்த வேலி எதுவும் இல்லை. அங்கே பரந்த நிலம், உதிரிபாகங்களுக்குப் பெரிய சந்தை, நம்முடைய எண்பலகையைப் பார்த்ததும் உள்ளே சிங்கப்பூர் வெள்ளி இருக்கும் என்ற எதிர்பார்ப்பு எல்லாம் உண்டு. இதைச் சொல்வதால் ஜோகூர்வாசிகளைக் குறை சொல்வதாகாது. அவர்களுடைய கார்களும்தான் களவு போகின்றன, அதனால்தான் அங்குள்ளவர்கள் ஸ்டீயரிங் பூட்டு மாட்டாமல் காரைவிட்டு இறங்குவதில்லை. அந்தப் பழக்கத்தை நாம் கடற்பாலத்தின் பாதியிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாலையோரத்தில் இலவசமாக இடம் கிடைத்தாலும், நுழையும்போதும் வெளியேறும்போதும் தடுப்புக் கம்பம் உள்ள, ஆள் நடமாட்டமுள்ள கடைத்தொகுதி நிறுத்துமிடத்துக்குப் பணம் கொடுத்துப் போங்கள். மூலையில் தூணுக்குப் பின்னால் கிடைக்கும் இடத்தைவிட, நுழைவாயிலுக்கோ மின்தூக்கிக்கோ எதிரே உள்ள இடம் மேல். பத்து நிமிடம் சுற்ற வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. சாலையோரத்தில் காரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் ஒருபோதும் சாவியைக் கொடுக்காதீர்கள். கார் கழுவக் கொடுக்கும்போது வீட்டுச் சாவி, அலுவலக அட்டை எல்லாவற்றையும் வளையத்திலிருந்து கழற்றிவிட்டுக் கார்ச் சாவியை மட்டும் கொடுங்கள். முடிந்தால் கூடவே நில்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடப்பிதழைக் காரில் விடாதீர்கள். சோதனைச்சாவடியில் நீட்டிவிட்டு அப்படியே கதவின் பக்கப்பையில் போட்டுவிடுவது பலருக்கும் வழக்கம். கண்ணாடி உடைந்து பை போனால் நட்டம் சில நூறு வெள்ளி. கடப்பிதழ் போனால் அங்குள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, ஜோகூர் பாருவிலுள்ள சிங்கப்பூர்த் துணைத் தூதரகத்தை அணுகி, ஊர் திரும்பவே தனி ஆவணம் வாங்க வேண்டியிருக்கும். பிள்ளைகளோடு போன சனிக்கிழமையில் அந்த அலைச்சல் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பயணத்துக்கு முன் காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள். சிங்கப்பூர்ப் பத்திரங்கள் பலவும் மேற்கு மலேசியாவிலும் செல்லுபடியாகும் என்றாலும், அங்கே கார் திருடுபோனால் உரிமையாளர் தம் கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகை இங்கே உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று சில பத்திரங்களில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். திருட்டு நடந்தது அங்கே என்றால் முதல் புகாரும் அங்கேதான் கொடுக்கப்பட வேண்டும். ‘வீட்டுக்குப் போய் இங்கே கொடுத்துக்கொள்ளலாம்’ என்று திரும்பி வந்துவிட்டவர்களின் கோப்புகள் நகரவே நகராது.

கேள்வி: சிராங்கூன் சாலையருகே நான் வழக்கமாக நிறுத்தும் தனியார் இடத்தில், ‘வாகனங்களுக்கோ பொருள்களுக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பெரிய பலகை தொங்குகிறது. பணத்தையும் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு பலகையால் தப்பித்துவிட முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும், ஆனால் பலகையால் அன்று. நீங்கள் கொடுக்கும் பணம் எதற்கு என்பதைப் பொறுத்தது அது. 1937இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்தது. கட்டணம் செலுத்திக் காரை நிறுத்திவிட்டுப் போன ஒருவர் திரும்பி வந்தபோது, அங்கிருந்த ஊழியர் அந்தக் காரை வேறு ஒருவர் எடுத்துப் போக விட்டிருந்தது தெரியவந்தது. கேட்கும் எவருக்கும் நிர்வாகம் பொறுப்பென்றே தோன்றும். நீதிமன்றமோ, காரை நிறுத்திவைக்க நிலத்தில் இடம் அனுமதித்தது வேறு, காரையே காவலுக்கு ஏற்றுக்கொண்டது வேறு, இங்கே நடந்தது முன்னது என்று தீர்ப்பளித்தது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் அந்த வேறுபாடு நம்முடைய சட்டச் சிந்தனையிலும் தொடர்கிறது. சாவி உங்கள் கையில் இருக்கும்வரை நீங்கள் வாங்கியது இடம் மட்டுமே.

சாவியைக் கொடுத்துவிட்டால் கதை மாறும். ஹோட்டலிலோ திருமண மண்டபத்திலோ சீருடை அணிந்த ஊழியர் சாவியை வாங்கிக்கொண்டு சீட்டைத் தந்தால், கார் அவர்களுடைய காவலுக்குப் போய்விடுகிறது; அதற்குரிய கவனத்தோடு வைத்திருந்ததை அவர்கள் காட்ட வேண்டும். அப்போதும் சீட்டின் பின்னால் பொறுப்புத் துறப்பு அச்சிடப்பட்டிருக்கும் என்றாலும், இங்கும் நடைமுறையில் உள்ள 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டப்படி, கவனக்குறைவால் ஏற்பட்ட பொருள் இழப்புக்கான பொறுப்பைத் துறக்கும் வாசகம் நியாயமானதாக இருந்தால் மட்டுமே நிற்கும். திருமண அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை என்றாலும், சாவியை நீட்டுமுன் அவர் உண்மையிலேயே அந்த மண்டபத்தின் ஊழியர்தானா என்று பாருங்கள், சீட்டு வாங்காமல் நகராதீர்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்த எவரும் வாசலில் நிற்கலாம்.

ஏதேனும் நடந்துவிட்டால் நிர்வாகத்தோடு சண்டை போடுவதில் முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்க வேண்டாம். கேமராப் பதிவை உங்களுக்குக் காட்ட மறுக்கக்கூடும், அதில் மற்றவர்களும் இருப்பார்கள். ஆனால் இன்ன நாள், இன்ன நேரத்துப் பதிவு அழிக்கப்படாமல் வைக்கப்பட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, புகார் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிடுவதுதான் இத்தகைய கருவிகளின் இயல்பு; காவல்துறை அதிகாரி வரும்போது பதிவு இருக்க வேண்டும்.

கேள்வி: முழுமையான காப்புறுதி எடுத்திருக்கிறேன். காரில் வைத்திருந்த மடிக்கணினி போனால் கிடைக்குமா?

பதில்: பொதுவாகக் கிடைக்காது. அது காருக்கு எடுத்த காப்புறுதி. சில பத்திரங்கள் உள்ளிருக்கும் பொருளுக்குச் சிறு தொகை தரும், அவ்வளவே. உடைந்த கண்ணாடிக்குக் கேட்கலாம். ஆனால் திருட்டு இழப்பீடு கோரும்போது, கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகையையும், ஐந்தாண்டுகள் இழப்பீடு கோராமல் சேர்த்த 50 விழுக்காட்டுக் காப்புறுதிக் கட்டணக் கழிவில் ஏற்படக்கூடிய சரிவையும் கூட்டிக் கழித்துவிட்டு விண்ணப்பியுங்கள். அலுவலக மடிக்கணினி என்றால் முதலில் அலுவலகத்திடம் சொல்லுங்கள். பலர் மறைத்துவைத்து இழுத்தடிப்பார்கள், அதிலுள்ள தகவல்கள்தான் நிறுவனத்துக்குப் பெரிய கவலை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவருக்குக் கார் முழுதாகப் போனாலும் ஒரு வெள்ளி வராது. சாவியைக் காரிலேயே விட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு, ‘ஒரு நிமிடம்தான்’ என்று உணவுப் பொட்டலம் வாங்கப் போனவருக்கும் நிறுவனம் மறுத்துவிட வாய்ப்புண்டு. நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை அநேகமாக எல்லாப் பத்திரங்களிலும் இருக்கிறது.

கேள்வி: காரில் கேமரா இருக்கிறது. நிறுத்திய பிறகும் பதிவு செய்ய விடலாமா? பொருளின் இருப்பிடத்தைக் காட்டும் சிறு வில்லை ஒன்றையும் மறைத்துவைக்க எண்ணுகிறேன்.

பதில்: விடலாம், இரண்டு எச்சரிக்கைகளோடு. நிறுத்தியபின் இயங்கும் கேமரா காரின் மின்கலத்தைத்தான் உறிஞ்சுகிறது. மின்னழுத்தம் குறைந்தால் தானாக நின்றுவிடும் அமைப்பைப் பொருத்தாமல் விட்டால், திருடன் வராத நாளிலும் காலையில் கார் கிளம்பாது. இரண்டாவது, நம் ஊர் வெயில். கூரையில்லாத நிறுத்துமிடத்தில் மதியம் முழுவதும் நிற்கும் காரின் முகப்புக் கண்ணாடியை ஒட்டிய கேமராவுக்குள் லித்தியம் மின்கலம் உப்பிப்போகும். மின்தேக்கியில் இயங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். கேமரா திருட்டைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். அதன் உண்மையான பயன், இடித்துவிட்டு ஓடும் பக்கத்துக் காரைப் பிடிப்பதிலும், எதிர்வரிசையில் நிற்கும் கார் களவு போனால் சாட்சியாக இருப்பதிலும்தான். அதனால்தான் காவல்துறையும் இத்தகைய கார் உரிமையாளர்களின் உதவியை நாடுகிறது.

ஆப்பிள் 2021இல் அறிமுகப்படுத்திய ஏர்டேக் போன்ற வில்லைகள், அருகில் செல்பவர்களின் கைப்பேசிகள் வழியாகத்தான் தங்கள் இருப்பிடத்தைச் சொல்கின்றன. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மௌனமாகிவிடும். மேலும், யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, அறியாத வில்லை ஒன்று கூடவே வருவதாக அது மற்றவரின் கைப்பேசிக்கு அறிவிக்கும். அதாவது திருடனுக்கும் சொல்லிவிடும். இருந்தாலும் விலைக்கு அது பயனுள்ளதே. இருக்கை உறையின் தையலுக்குள் வையுங்கள், முன்பெட்டியில் வேண்டாம். அது காட்டும் இடத்துக்கு நீங்களே போய்க் கதவைத் தட்டாமல், திரையைக் காவல்துறையிடம் காட்டுங்கள்.

கேள்வி: கார் நிறுத்திய இடத்தில் காரையே காணவில்லை என்றால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஒரு தளம் மேலே ஏறிப் பாருங்கள், பிறகு ஒரு தளம் கீழே. விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் பலமாடிக் கார் நிறுத்துமிடங்கள் ஒரே அச்சில் வார்த்தவை; ‘4ஏ’யில் நிறுத்திவிட்டு ‘5ஏ’யில் நின்று தலையில் கைவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தியதும் தூணில் எழுதியுள்ள எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துவைத்தால் இந்தச் சோதனையே வேண்டாம். மனைவியோ மகனோ எடுத்துச் சென்றார்களா, தவணை பாக்கியில் நிதி நிறுவனம் இழுத்துச் சென்றதா, வழியை மறித்ததால் அப்புறப்படுத்தப்பட்டதா என்று இரண்டு தொலைபேசி அழைப்புகளில் தெரிந்துகொள்ளலாம். எதுவுமில்லை என்றால் 999ஐ அழையுங்கள். எண்பலகை எண்ணோடு, நிறம், காரில் உள்ள சாலைக் கட்டணக் கருவியின் எண், கடைசியாகப் பார்த்த நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள்; கார் உடனே சோதனைச்சாவடியை நோக்கிப் போகக்கூடும் என்பதால் இதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

அடுத்து காப்புறுதி நிறுவனம். அவர்கள் கேட்கும் பொருள்களில் பலரைத் திகைக்கவைப்பது இரண்டாவது சாவி. காரோடு வந்த இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள், ஒன்று குறைந்தால் அது எங்கே போனது என்று எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். பழைய கார் வாங்கியபோது விற்றவர் ஒரே சாவியைத் தந்திருந்தால், மற்றது யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அப்படிப்பட்ட கார் என்றால் இந்த வாரமே முகவரிடம் கொண்டுபோய், பழைய சாவியைக் கார் ஏற்காதபடி நினைவகத்தை அழித்துப் புதிதாக இரண்டு சாவிகளைப் பதிவு செய்துகொள்ளுங்கள், அதற்கான ரசீதைக் காருக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.